நிஜ விரல்

…அதத்தான் சார் நானும் கேக்கறேன், கள்ளன் யாருன்னே தெரியாம என் தம்பிய எப்படிச் சந்தேகப்படலாம்? நீங்க பேசாதீங்க. பல்லுக்கு ஊசி போட்ட வாய், நல்லா மரத்துப் போகட்டும். டாக்டரம்மா கூப்பிடுவாங்க. அதுவரைக்கும் டோக்கன் குடுக்கற நான் பேசறேன்.

ஒழுகற குழாய், இறுகிப்போன கதவு, இதெல்லாம் வீட்லயே எப்படிச் சரிபண்றதுன்னு தம்பி ஒரு வெப்சைட் நடத்தறான். லட்சக்கணக்குல ஜனம் பாக்குது. அவன் வீட்டுக் குழாய் ஒழுகுது, அத விடுங்க. ஓரத்துல விளம்பரம் வரும்ல? செருப்பு, மெத்தை… யாராவது அமுக்கினா செருப்புக்காரன் காசு தரணும், அதுல தம்பிக்குப் பங்கு. அவனும் ஆபீஸ்ல இருக்கற நாலு பேரும் அதுலதான் சாப்பிடறாங்க.

போன மாசம், நடுவுல தரகு பாக்கற விளம்பரக் கம்பெனிலேர்ந்து ஃபோன். 'உங்க சைட்ல கள்ளக் க்ளிக் விழுது, வாங்கற எண்ணமே இல்லாம யாரோ சும்மா அமுக்கறாங்க'ன்னு. சின்ன சைட்டா இருந்தா ஒரே மெயில்… அன்னிக்கே இழுத்து மூடியிருப்பாங்களாம்! பெரிய சைட்டுங்கறதால மரியாதை. கள்ளக் க்ளிக் காச மட்டும் கழிச்சு, செருப்புக்காரனுக்குத் திருப்பிக் குடுத்துட்டு, தம்பியக் கவனிக்க ஒரு ஆளப் போட்டிருக்காங்க. மாமியார் மாதிரி சார்… சிரிச்சுக்கிட்டே வேவு பாக்கறான். இன்னிக்கு முடிவு சொல்லுவான். மறுபடி நடந்தா விளம்பரம் மொத்தமா கட். அப்பறம் அந்த அஞ்சு பேரும் எங்க போவாங்க?

மெஷின் வச்சு அமுக்கறாங்களோன்னு சந்தேகமாம். மெஷினாம்ல, மெஷின்! நான் சும்மா இருப்பனா? அம்மா போனப்பறம் அவன சாப்டியாடான்னு கேக்கறதுக்கு நான் ஒருத்திதான். சைட் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, இங்க பல்லுக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வை-ஃபையப் போட்டுக் குடுத்து, அமுக்குங்க அமுக்குங்கன்னு… இந்த மாசம் டபுளா! நிஜ மனுஷ விரல் சார்! கடவாப்பல்லு வலிக்கறவன் அமுக்கற அமுக்கு எந்த மெஷினுக்கு வரும்? தம்பிகிட்ட சொல்லல. நல்லது பண்ணா தம்பட்டம் அடிக்கக் கூடாது பாருங்க.

நீங்களும் ஃபோன எடுங்க. ஆ… அந்தச் செருப்புப் படம்தான். கூச்சப்படாதீங்க, வாங்கவா சொல்றேன்? இருங்க, தம்பி கூப்பிடறான்.

சொல்லுடா… கண்டுபிடிச்சுட்டானா? எந்தப் பாவிடா அவன்?… மெஷின் இல்லியா?… எல்லாம் ஒரே எடத்துலேர்ந்தா?… பல் ஆஸ்பத்திரியா! ஏண்டா, உலகத்துல பல் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?… சரி சரி, கத்தாத… என்னது, இந்த நிமிஷத்துலேர்ந்து இங்கேர்ந்து ஒண்ணுகூட விழலைன்னா விட்டுடறேன்னானா? தங்கமான மனுஷன்டா! விழாது. அக்கா சொல்றேன்ல, ஒண்ணுகூட…

சார்! சார், அமுக்காதீங்க! விரல எடுங்க!

…என்ன சார், தலைய ஆட்டறீங்க? மேலயும் கீழயுமா, பக்கவாட்டுலயா? ஐயோ, வாயத் தொறந்து சொல்லுங்க சார்… அமுக்கிட்டீங்களா?