மூன்றின் வாய்

காப்பி வேண்டாம், தண்ணீர் போதும். இந்தக் காகிதக் கோப்பையில் இருக்கும் எழுத்தைப் பார்த்தீர்களா? நிமிர்ந்த எழுத்தைக் கணினியில் அப்படியே சரித்துவிட்டிருக்கிறார்கள். வளைவெல்லாம் இடுப்பொடிந்து நிற்கிறது. சாய்ந்த எழுத்தைத் தனியாக வரைய வேண்டும். இந்தப் பாஸல் நகரில் அதை ஒழுங்காகச் செய்கிறவன் நான்தான். தற்பெருமை என்று வேண்டுமானால் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துக் குப்பியில் ஒட்டும் சீட்டுகளுக்கு ஒரு மருந்துக் கம்பெனியில் ஓர் எழுத்துரு கேட்டார்கள். பெயரெல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கும். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற வரி மட்டும் தடித்து, சாய்ந்து, பளிச்சென்று தெரிய வேண்டும். தலையிலும் காலிலும் கொசுறுக் கோடு எதுவும் இல்லாத எழுத்து. ஒரு வருடம் உட்கார்ந்து வரைந்தேன். அதில் என் 3 தனி அழகு. இரு முனைகளும் உள்ளே சுருண்டு, நடுவைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

என்னோடு வேலை பார்த்த அன்னலீஸ், சோதித்துப் பார்க்கத் தன் அப்பாவைக் கூட்டிவந்தாள். தியோஃபில் பிராட்பெக், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதய நோய், கண்ணில் புரை. மாதிரிச் சீட்டை அவரிடம் கொடுத்தோம்.

"எட்டு சொட்டா? டாக்டருக்கு இப்பதான் மனசு எளகியிருக்கு," என்று சிரித்தார்.

"அது மூணுப்பா," என்றாள் அன்னலீஸ். பிறகு என்னிடம், "வாயை இன்னும் தெறந்து வரைங்க. இப்படியே போனா யாராவது செத்துருவாங்க."

"உங்கப்பாவுக்குக் கண்ணாடிய மாத்து."

"ஊர்ல வயசானவங்க எல்லாருக்கும் நீங்களே மாத்திக் குடுப்பீங்களா?"

அவளே வேறொரு 3 வரைந்தாள். பல்லில்லாத வாய் மாதிரி பிளந்து கிடந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கே சம்மதித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். அனுப்ப வேண்டிய அன்று அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதை எடுத்துவிட்டு, என் 3-ஐ வைத்து அனுப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. நல்ல எழுத்தை யாரும் கவனிப்பதில்லை.

பனிக்காலத்தில் தியோஃபிலுக்கு மருந்தை மாற்றினார்கள். புதுக் குப்பி, புதுச் சீட்டு. வேளாவேளைக்கு எட்டுச் சொட்டு குடித்தே இறந்திருக்கிறார். அன்னலீஸும் சீட்டை உற்றுப் பார்க்கவில்லை. அதில் இருப்பது தன் 3 என்று நம்பியிருந்தாள். பக்கத்து ஊரான லீஸ்டாலில் ஓர் அம்மாளும் இப்படியே போனார் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அடக்கத்துக்குப் போனேன். இரங்கல் அட்டையில் எழுத்து மகா மோசம், அதுதான் அன்று என்னை உறுத்தியது. அன்னலீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் இன்னும் நல்லா தெறந்து வரஞ்சிருக்கணும். என்னாலதான் அப்பா போயிட்டாரு."

"உன்மேல தப்பே இல்ல," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஆக, மாற்றி வைத்தது நான்தான். ஆனால் ஆபத்து வரும் என்று எனக்குத் தெரியாது. வீட்டைச் சோதித்தபோது குளியலறையில் எடுத்த என் மருந்துக் குப்பியைக் காட்டுகிறீர்கள். ஆமாம், அதிலிருந்த அச்சுச் சீட்டைக் கிழித்துவிட்டு 'மூன்று சொட்டு' என்று கையால் எழுதி ஒட்டியது நான்தான். தியோஃபில் இறப்பதற்கு முன்பே ஒட்டியதுதான். எனக்கும் இப்போதெல்லாம் கண் சரியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.