ஒரு டிவிக்கு ரெண்டு ரிமோட்டு

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டை இத்தனை வருடத்தில் என் மனைவி கையில் நான் கொடுத்ததே இல்லை. அது தப்பு என்று வாடிப்பட்டி பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் புது டிவி வாங்க மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, எம்புட்டுப் பெருசு வேணும்னாலும் வாங்குங்க. எனக்குத் தனியா ஒரு ரிமோட்டு வேணும்."

"ஒரு டிவிக்கு எதுக்குடி ரெண்டு ரிமோட்டு?"

"தூங்குறப்பகூட அத நெஞ்சுல வச்சுக்கிட்டுத்தான தூங்குறீங்க? மெல்ல எடுத்தா, 'பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்'னு முழிச்சுக்கிறீங்க."

"கடைக்காரர்கிட்ட நீயே கேளு. சிரிக்கப் போறாரு."

"சிரிக்கட்டும். அவரு பொண்டாட்டி சிரிக்க மாட்டா."

வீட்டுக்கு வந்ததும் ரிமோட்டை என் மனைவியிடம் நீட்டி, "இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எத அமுக்குனா சேனல் மாறும்?"