அமுங்காத ஷூ

இல்ல தம்பி, இந்த ஷூவும் வேணாம். கட்டை விரலால அடியை ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்க. உள்ள போகுதில்ல? போகக் கூடாது. வயசானவங்க கால் வலிக்காம நடக்கறதுக்கு இது நல்லாத்தான் இருக்கும், நான் இல்லேங்கல. எனக்கு நடக்கறதுக்கு இல்ல, தூக்கறதுக்கு. எடை தூக்கறவங்க போடுவாங்களே, அடி கட்டை மாதிரி இருக்கும், மேல ஒரு பட்டை வெச்சு இறுக்கிக் கட்டற மாதிரி வரும், அது. அதோ, அந்தக் கடைசி அலமாரியில மேல் தட்டுல இருக்கு. நீங்க ஷட்டரைத் தூக்கினதுமே கண்ணாடி வழியா பாத்துட்டேன்.

யாருக்குன்னா, எனக்குத்தான். சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க, அடக்கி வெச்சா வயிறு வலிக்கும். அறுபது தாண்டினவ வந்து உக்காந்து இந்த ஷூவைக் கேட்டா யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எவ்வளவு எடை தூக்குவேனா? எழுபது கிலோ. நெஜமாத்தான் சொல்றேன். கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து பாத்ரூமுக்கு, அப்புறம் திரும்பக் கட்டிலுக்கு. தினமும் இதே வேலைதான். எங்க வீட்டுக்காரரைச் சொல்றேன். பக்கவாதம். வலது பக்கம் பூராவும் போயிடுச்சு, பேச்சும் பாதிதான் வருது. பாத்தீங்களா, சிரிப்பை நிறுத்திட்டீங்க. அதெல்லாம் வேணாம், ஏணியைப் போட்டு அதை எடுங்க.

அவரு யாருன்னு நெனச்சீங்க? எடை தூக்கறதுக்குச் சொல்லிக் குடுக்கற கோச்சு. பயிற்சிக் கூடத்துக்குப் பின்னாடியே எங்களுக்கு வீடு. இரும்புத் தட்டு தடால் தடால்னு விழற சத்தத்துலதான் என் பிள்ளை தொட்டில்ல தூங்கினான், சத்தம் நின்னாத்தான் முழிச்சுப்பான். சமையல்கட்டுல நின்னா அவரு கத்தறது அத்தனையும் எனக்குக் கேக்கும். எவனாவது எடையைத் தவற விட்டான்னு வைங்க, முதுகைப் பத்தியோ தோளைப் பத்தியோ ஒரு வார்த்தை பேச மாட்டாரு. நேரா குனிஞ்சு அவன் காலைத்தான் பாப்பாரு. ஓடற ஷூவைப் போட்டுட்டு வந்தவனை அப்படியே வெளிய அனுப்பிடுவாரு. மெத்தை மேல நின்னுக்கிட்டு பீரோவைத் தூக்குவியாடான்னு கேப்பாரு. கேட்டுக் கேட்டு அது என் மண்டையிலயும் ஏறிடுச்சு. அந்த மனுஷன் வீட்ல ஒரு தண்ணிக் கேனைத் தூக்கி வெச்சதில்ல, அது வேற கதை. கேட்டா நாளைக்குப் போட்டி இருக்கும்பாரு. அவருக்கு வருஷம் பூராவும் நாளைக்குப் போட்டிதான்.

ஆங், இதேதான். அமுக்கிப் பாக்கறேன் இருங்க. ம், அசையல. சைஸ் இருக்கா? என் கால் சின்னது, ஆனா முன்னாடி அகலம். பொம்பளைங்களுக்குத் தனியா வர்றதில்லையா? சரி, ஆம்பளைங்க அளவுலயே இருக்கறதுல சின்னதா எடுங்க, கனமா சாக்ஸ் போட்டுக்கறேன். நான் இப்ப போட்டுட்டு வந்திருக்கறது மருமக வாங்கிக் குடுத்தது. நல்ல மனசோட வாங்கினா, குறை சொல்லக் கூடாது, வழுக்காதும்மான்னு சொன்னா. வழுக்காதுதான். ஆனா அவரோட எடையும் என் எடையும் ஒண்ணா இறங்கினா அடி அப்படியே ஒரு பக்கமா நசுங்கும். எங்க நிக்கறேன்னே காலுக்குத் தெரியாது.

கணுக்கால்ல இருக்கற வீக்கமா? அது ஒண்ணுமில்ல, காலையில கொஞ்சம் மடங்கிடுச்சு. பரவால்ல, நீங்க பட்டையை இழுங்க. ஸ்... இல்ல இல்ல, இழுங்க.

ஆள் வெச்சுக்கலாமேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. வெச்சோம். ஒருத்தர் வந்தாரு, நல்ல திடகாத்திரமான ஆளு. அக்குள்ல கையைக் குடுத்து மூட்டை மாதிரி அவரை ஒரு இழுப்பு இழுத்தாரு பாருங்க, இவரு கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. வலியில இல்ல தம்பி. எடையை எப்படித் தூக்கக் கூடாதுன்னு ஆயுசு பூரா சொல்லிக் குடுத்தவரு, தன்னை அப்படித் தூக்கறாங்கன்னா எப்படி இருக்கும்? அந்த ஆள் போனப்புறம் அழுதாரு. கல்யாணமான நாள்ல இருந்து அவரு அழுது நான் பாத்ததில்ல. அன்னிக்கே சொல்லிட்டேன், இனிமே உங்க மேல வேற கை படாதுன்னு.

இப்ப எனக்குக் கோச்சு அவருதான். சிரிக்காதீங்க, சரி, சிரிங்க, இதுக்குச் சிரிக்கலாம். தூக்கச் சொல்லிக் குடுக்கறதும் அவரே, தூக்கற எடையும் அவரே. கட்டில் ஓரத்துல உக்கார வெச்சு, நான் எதிர்ல நின்னு கட்டிப் புடிச்சுக்குவேன். அவரு என் காதுக்குள்ள சொல்வாரு, முட்டி, மூச்சு, அப்படின்னு. அந்த ரெண்டு வார்த்தைதான் சுத்தமா வருது, என் பேர் கூட வரமாட்டேங்குது. நான் முட்டியை மடக்கி, மூச்சை இழுத்துப் புடிச்சு, ஒரே எழும்பு. நாற்காலியில உக்கார வெச்சதும் இடது கையில விரலைக் காட்டுவாரு. போட்டியில மூணு நடுவருங்க இருப்பாங்களாம், தூக்கினது சரியா இருந்தா வெள்ளை விளக்கு, தப்புன்னா சிவப்பு. எனக்கு ரெண்டு விரல்தான் காட்டுவாரு. மூணு காட்டினதே இல்ல. கட்டின பொண்டாட்டிக்கு ஒரு விளக்கு கூடப் போட்டா என்ன குறைஞ்சிடும்?

சரி, எழுந்து நிக்கறேன், கையைக் குடுங்க. அட. தரையில ஆணி அடிச்ச மாதிரில்ல நிக்குது. குதிகால் கொஞ்சம் தூக்கி இருக்கே, அது எதுக்கு? ஆமா, ஆமா, உக்காந்து எழறதுக்கு. முட்டி நல்லா மடங்கும், முதுகு நிமிர்ந்தே இருக்கும். அவரும் இப்படித்தான் சொல்வாரு. அடி தட்டையா இன்னொண்ணும் இருக்கா? அது எதுக்கு? ஓ, தரையில இருந்து இழுத்துத் தூக்கறதுக்கா. ம். அதையும் எடுத்து வைங்க, பாக்கலாம்.

முதல்ல இதுலயே தூக்கிப் பாக்கட்டுமா? அந்தச் சட்டை போட்ட பொம்மையைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்க, ஸ்டூல் மேல சாய்ச்சு வைங்க. ஒண்ணும் உடைஞ்சிடாது, மனுஷனையே உடைக்காம வெச்சிருக்கேன். முட்டி... மூச்சு... பாத்தீங்களா? கால் அசையவே இல்ல. ஆனா உங்க பொம்மை காத்து மாதிரி இருக்கு தம்பி. அதுவும் ஒத்துழைக்கற பொம்மை, ஒரு பக்கமா சாயல. அவரு கனம் பூரா வலது பக்கம்தான். கை, கால் எல்லாம் ஈரத் துணி மாதிரி தொங்கும். மெலிஞ்சுதான் போயிட்டாரு, எடை குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா எனக்கு மட்டும் கூடிக்கிட்டே போகுது. இது எந்தக் கணக்குல சேத்தின்னு தெரியல.

பையன் இருக்கானே, இருக்கான். வேற ஊர்ல பெரிய வேலை. பாசமில்லாதவன்னு சொல்லிட முடியாது. போன மாசம் வந்தப்ப நான் அவரைத் தூக்கறதைப் பாத்துட்டு வெளிய போய் நின்னுக்கிட்டான். அப்புறம் வந்து சொல்றான், அம்மா, இனிமே ஒரே ஒரு தடவை அப்பா கீழ விழுந்தாருன்னு தெரிஞ்சுது, மறுநாளே முதியோர் இல்லத்துல சேத்துடுவேன், அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்னு. என் முதுகைப் பத்தின கவலை அவனுக்கு. ரெண்டு பேரையும் இழக்க முடியாதுங்கறான். என்னத்தச் சொல்ல, பெத்த பிள்ளை நியாயமாப் பேசினா கோபம் கூட வர மாட்டேங்குது.

அந்த இல்லத்தைப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தோம். சுத்தமா இருக்கு, ஜன்னல் இருக்கு, ஆளைத் தூக்கறதுக்கே மிஷின் வெச்சிருக்காங்க. துணியில தொட்டில் மாதிரி கட்டி, பட்டனை அமுக்கினா ஆள் அந்தரத்துல ஏறிப் போவாரு. ஒருத்தரை அப்படித் தூக்கறதை இவரு பாத்தாரு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் வாயைத் திறக்கல, முட்டின்னு கூடச் சொல்லல. நான் பாட்டுக்குத் தூக்கினேன், விரலும் காட்டல. அதனால இது காலுக்கு ஷூ பாக்கற விஷயம் மட்டும் இல்ல தம்பி. நான் நல்லா நின்னாத்தான் அவரு வீட்ல இருப்பாரு.

பக்கத்து வீட்ல ஆளுங்க இருக்காங்க. நல்லவங்கதான், கூப்பிட்டா ஓடி வருவாங்க. ஆனா அந்த அக்கா வாய்ல எதுவும் தங்காது. என் பையன் நம்பரை அவங்ககிட்டதான் குடுத்து வெச்சிருக்கான், அம்மா சொல்ல மாட்டா, நீங்க சொல்லுங்கன்னு. அவங்களை உள்ள கூப்பிட்டேன்னா, அவங்க வாசலைத் தாண்டறதுக்குள்ள அவனுக்கு விஷயம் போயிடும்.

இப்ப அந்தத் தட்டையானதைப் போட்டு விடுங்க. இதுவும் அமுங்கல. குதிகாலும் முன்னங்காலும் ஒரே மட்டமா இருக்கு. ம். இதையே எடுத்துக்கறேன்.

தெரியும் தம்பி, நீங்க சொல்றது சரிதான். கட்டில்ல இருந்து நாற்காலிக்குன்னா குதிகால் வெச்சதுதான் நல்லது, நான் தப்பா எடுக்கல. அதை அடுத்த தடவை வந்து வாங்கிக்கறேன். இன்னிக்கு நான் தரையில இருந்துதான் தூக்கணும்.

ஆமா. கீழதான் இருக்காரு.

விழல, நான் இறக்கினேன். பொழுது விடியறப்ப பாத்ரூமுக்குத் தூக்கறேன், பாதியில கால் மடங்கிடுச்சு. இனிமே முடியாதுன்னு தெரிஞ்சதும் கட்டிப் புடிச்சபடியே நானும் சேந்து உக்காந்துட்டேன். அவருக்கு அடி ஒண்ணும் இல்ல, தலையில இருந்து கால் வரைக்கும் தடவிப் பாத்துட்டேன். அப்புறம் தூக்கப் பாத்தேன். பாத்துக்கிட்டே இருந்தேன். வெளிச்சம் வர்ற வரைக்கும் பாத்தேன். அவரு என் காலையே பாத்துட்டு இருந்தவரு, இடது கையை நீட்டி இந்தப் பழைய ஷூவைத் தட்டிக் காட்டினாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. தலைக்குத் தலகாணி வெச்சு, போர்த்திவிட்டு, ரேடியோவைப் போட்டு விட்டுட்டு வந்தேன். இதோ வந்துடறேன், கடை தொறந்துடும்னு சொன்னேன்.

போனை எதுக்கு எடுக்கறீங்க? ஆம்புலன்ஸ் வேணாம். அவங்க வந்தா தெருவே வாசல்ல நிக்கும். கீழ வைங்க தம்பி.

ஷூ தப்புன்னு அவரு சொல்றாரு, நானும் ஆமாங்கறேன். அது ஷூ தப்பு இல்லேன்னா என்ன பண்றதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. அதனாலதான் உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசிட்டு இருந்தேன்னு நெனைக்கறேன். இதைப் போட்டுட்டுப் போயும் அவரு எழும்பலேன்னா, அப்புறம் அவரு எதைத் தட்டிக் காட்டுவாரு?

என்ன? நீங்க கூட வர்றீங்களா? கடையை யாரு பாத்துக்கறது? பக்கத்துலதான், அந்த மருந்துக் கடைக்குப் பின்னாடி தெரு. அக்குள்ல கையைக் குடுத்து இழுக்கக் கூடாது, நான் சொல்ற மாதிரி புடிக்கணும். மெதுவா, அவரு முகத்தைப் பாத்துப் பேசிட்டுப் புடிக்கணும். முடியுமா?

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு எங்க பையனைத் தெரியாதுல்ல?