பேப்பர் வெயிட்டின் அடிப்பக்கம்

தம்பி: ...அவ்வளவு சிரமம் எதுக்கு மேடம்? போலின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கிளம்பிடறோம்.

மதிப்பீட்டாளர்: நான் இன்னும் துணியையே பிரிக்கல.

அக்கா: அவன் அப்படித்தான். இலை போடுறதுக்குள்ள கை கழுவிடுவான்.

மதிப்பீட்டாளர்: இங்க வர்றவங்க நிஜம்னு சொல்லச் சொல்லித்தான் கெஞ்சுவாங்க. இது யாரோடது?

அக்கா: எங்க அப்பாவோடது. முப்பது வருஷம் ஆபீஸ்ல லீவு லெட்டர் மேல உக்காந்திருந்துச்சு. ரிட்டயர் ஆனப்ப கூடவே வீட்டுக்கு வந்துடுச்சு. போன வருஷம் அப்பா போயிட்டாரு. இது மட்டும்...

தம்பி: இது மட்டும் மேஜையில இருக்கு. பிரெஞ்சு சரக்கு, நூத்தி எழுபது வருஷப் பழசுன்னா நல்ல விலை போகுமாமே. ‘வித்து ஆளுக்குப் பாதியா எடுத்துக்கோங்க’ன்னு அம்மா சொல்லிட்டாங்க.

மதிப்பீட்டாளர்: அம்மா வரலையா?

தம்பி: கீழ கார்ல இருக்காங்க. முட்டிவலி.

அக்கா: ‘அந்தக் கண்ணாடி உருண்டை எனக்கெதுக்கு’ன்னுட்டாங்க.

மதிப்பீட்டாளர்: சரி. நிஜம்னா வெள்ளிக்கிழமை ஏலத்துக்குப் போகும். போலின்னா?

தம்பி: வீட்டுக்கே வந்துடும். அக்கா பொண்ணு காலேஜ் சேரணும், அதான் விக்கச் சம்மதிச்சேன்.

அக்கா: என் பொண்ணுக்காகவா? மாடி கட்டப் போறது நீ. உனக்காகத்தான் நான் தலையாட்டினேன்.

தம்பி: நான் எப்பக்கா கேட்டேன்?

மதிப்பீட்டாளர்: கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க.

தம்பி: உள்ள பி எழுத்தும் வருஷமும் இருந்தா பாக்கராங்கிற பிரெஞ்சுக் கம்பெனி செஞ்சதாம். எஸ்.எல்.னு இருந்தா சேன் லூயியாம். நல்லாப் பார்த்துட்டேன் மேடம், ஒரு எழுத்தும் இல்ல. அப்ப போலிதானே?

மதிப்பீட்டாளர்: உங்க முதுகுல பேர் எழுதியிருக்கா? நீங்க நிஜம்தானே?

அக்கா: அதுல எனக்கே சந்தேகம்தான்.

மதிப்பீட்டாளர்: இந்தப் பூவைப் பாருங்க. கலர் கண்ணாடிக் குச்சிகளைச் சேர்த்து, மிட்டாய் மாதிரி துண்டு துண்டா வெட்டி அடுக்கி, மேல கண்ணாடியால மூடியிருக்காங்க. நடுவுல சின்னதா ஒரு ரோஜா. கிளிஷிப் பட்டறையோட அடையாளம்.

அக்கா: ரோஜாவை யார் வேணா செய்யலாமே...

மதிப்பீட்டாளர்: செஞ்சிருக்காங்க. அதனால ரோஜாவை மட்டும் நம்ப மாட்டேன். எடை பார்க்கணும்... ம், சரியா இருக்கு. கலர்... சரி.

தம்பி: அடியைப் பாருங்க மேடம்.

அக்கா: ஆமா, அடியைப் பாருங்க.

மதிப்பீட்டாளர்: ரெண்டு பேரும் ஒரே மூச்சுல சொல்றீங்க.

தம்பி: நெட்ல படிச்சேன். பழசுன்னா மேஜை மேல உரசி உரசி, முடி மாதிரி கீறல் கண்டபடி இருக்கும். நேர் நேரா இருந்தா, பழசாக் காட்டுறதுக்கு எவனோ உப்புத்தாள்ல தேய்ச்சிருக்கான்னு அர்த்தமாம்.

மதிப்பீட்டாளர்: எங்க உக்காந்து படிச்சீங்க?

தம்பி: வீட்டுலதான். கூடத்துல. சத்தமாப் படிச்சுக் காட்டினேன்.

மதிப்பீட்டாளர்: லென்ஸைக் குடுங்க... ம். மேலருந்து கீழ கோடு. உப்புத்தாள். புதுசு, ஒரு வாரம்கூட இருக்காது.

தம்பி: அப்ப போலி!

மதிப்பீட்டாளர்: அதுக்கு அடியில பழைய முடிக்கீறல் அப்படியே இருக்கு. இது நிஜ கிளிஷி. யாரோ வேலை மெனக்கெட்டுப் போலியாக்கப் பார்த்திருக்காங்க.

அக்கா: சரி, கிளம்பலாம்டா. லேட்டாகுது.

தம்பி: ...அக்கா?

அக்கா: என்னடா அப்படிப் பார்க்குற? ஆமா, நான்தான். அப்பா கை வச்ச சாமான் எவன் வீட்டு ஷோகேஸ்லயோ இருக்கணுமா? உனக்குப் பணம் வேணுமேன்னு வாயைத் திறந்து சொல்லல. அவ்வளவுதான்.

மதிப்பீட்டாளர்: இருங்க, இன்னும் முடியல. குறுக்கேயும் கோடு இருக்கு. வேற உப்புத்தாள். கொஞ்சம் முரடு.

அக்கா: நான் குறுக்கே தேய்க்கவே இல்லையே.

தம்பி: ...கதவுக்கு பெயின்ட் அடிக்க வாங்கினதுல மிச்சம் இருந்துச்சு.

அக்கா: டேய்!

தம்பி: நீ மட்டும்தான் அவருக்குப் பிள்ளையா? நான் குடியிருக்கலையா அந்த வீட்டுல?

மதிப்பீட்டாளர்: சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். வட்ட வட்டமாத் தேய்ச்சது யாரு?

அக்கா: வட்டமாவா?

தம்பி: சத்தியமா நான் இல்ல.

மதிப்பீட்டாளர்: நல்லா அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. அடியில இருக்குற குழியில வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கு. மோந்து பாருங்க.

அக்கா: ...எலுமிச்சை வாசம்.

தம்பி: பாத்திரம் தேய்க்கிற பொடி.

அக்கா: ...நீ சத்தமாப் படிச்சப்ப அம்மா எங்கடா இருந்தாங்க?

தம்பி: சமையல்கட்டுல. காதுல விழலன்னு சொன்னாங்களே...

அக்கா: படியேற முடியலன்னும் சொன்னாங்க.

மதிப்பீட்டாளர்: அப்ப வெள்ளிக்கிழமை ஏலம்?

தம்பி: கிடையாது. போலின்னு எழுதிக் குடுங்க மேடம். அம்மா எங்களுக்காக விட்டுக்குடுக்கிறதா நினைச்சுட்டிருக்காங்க. நிஜம்னா ‘வித்துடுங்கடா’ன்னு மறுபடியும் ஆரம்பிப்பாங்க.

மதிப்பீட்டாளர்: பொய் எழுதினா என் தொழில் போயிடும். ‘கிளிஷி, உண்மையானது. அடியில் புதிய கீறல்கள் மூன்று வகை, ஒரே குடும்பம்’னு எழுதறேன்.

அக்கா: அப்படியே எழுதுங்க மேடம். அம்மா மூக்குக்கண்ணாடி என் கைப்பையில இருக்கு. கார்ல நானே ‘போலி’ன்னு படிச்சுக் காட்டிடறேன்.