வாய்வழி எதுவும் தரக்கூடாது

என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எங்கள் அவசரப் பிரிவில் ஒட்டியிருக்கிற அறிவிப்புகளில் பாதி நான் எழுதியவை. இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்த்ததற்கு அந்தச் சுவர்கள்தான் சாட்சி. கையெழுத்தை வைத்து என்னைக் கண்டுபிடித்ததில் எனக்கு வருத்தமில்லை ஐயா. யாரோ ஒருவராவது அதை உற்றுப் பார்த்தார்களே.

முதலில் எங்கள் பிரிவின் நடைபாதையைச் சொல்லிவிடுகிறேன். கை ஒடிந்து வருகிற இளவட்டம் மாவுக்கட்டோடு ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடும். வயதானவர்கள் அப்படியில்லை. அவர்களுக்கு ஒரு நோயா இரண்டு நோயா? இதயக்காரர் வந்து "எங்க கேஸ் இல்ல" என்பார். நரம்புக்காரரும் அதையே சொல்வார். வார்டில் படுக்கை கிடைக்கும்வரை நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்க வேண்டியதுதான். ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். இருபது ஸ்ட்ரெச்சருக்கு நாங்கள் இரண்டு பேர். கழிப்பறை அந்தக் கோடியில்.

அவர்கள் கூப்பிடக் கூச்சப்படுவார்கள். கூப்பிட்டாலும் எங்களால் உடனே போக முடியாது. தாங்களே இறங்கப் பார்ப்பார்கள். அப்படித்தான் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் விழுந்து இடுப்பு ஒடிந்தது. நான் அப்போது வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்த் தூக்கியபோது, "உனக்குத் தொந்தரவு குடுத்துட்டேன்மா" என்றார். பத்தொன்பதாம் நாள் இறந்துபோனார். மூன்று விசாரணை வைத்தார்கள். மூன்றிலும் ஒரே கேள்வி, ஏன் பார்த்துக்கொள்ளவில்லை என்று. மூன்றாவது முடிந்த அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அதற்குப் பிறகு வேலைக்காக நான் அழுததில்லை.

அடுத்த மாதம் ஆபரேஷனுக்காகக் காத்திருந்த ஒரு கிழவரின் ஸ்ட்ரெச்சரில் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்று அட்டை தொங்கியது. பகல் முழுக்க அவர் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. குடித்தால்தானே போக வேண்டும். இது ஏன் இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, நீல மையில் எழுதி, பேண்டேஜ் துணியைக் கோத்துப் பதினொரு அட்டை செய்தேன். எழுபது தாண்டியவர், தனியாக நடக்க முடியாதவர் என்றால் ஒன்று மாட்டுவேன். டாக்டர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவார்கள். ஒவ்வொருவரும் முந்தைய டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொள்வார். பக்கத்தில் போடுகிற சலைன் பாட்டிலைப் பற்றிக் கேட்டீர்கள். சலைன் ஏற்றினாலும் சிறுநீர் வரும், அதே கதைதானே ஐயா. அதனால் அதையும் மெதுவாகத்தான் ஓடவிட்டேன்.

பதினான்கு மாதம் ஒருவர்கூடக் கீழே விழவில்லை. எங்கள் பிரிவைப் பாராட்டி ஒரு காகிதம் வந்தது. அதைச் சுவரில் ஒட்டியதும் நான்தான்.

நீங்கள் விசாரிக்கிற இந்தப் பெரியவர் தபால்காரராக இருந்தவர். காலையில் தலைசுற்றலென்று வந்தார். மகள் தையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப்போடு ஓடிவந்திருந்தாள். பையில் ஒரு பாட்டில் தண்ணீர்.

மதியத்துக்குள் அவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். நல்ல குணம், கோபமே வராது. "நாப்பது வருஷம் தபால் குடுக்கப் போன வீட்டுல எல்லாம் தண்ணி குடுத்தாங்கம்மாடி. இங்க மட்டும்தான் கிடைக்கல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மகள் என்னிடம் வந்தாள். "நாக்கை மட்டும் நனைச்சு விடட்டுமா சிஸ்டர்?"

யாரோ எழுதியதைப் படிப்பதுபோல அட்டையைப் பார்த்தேன். "அட்டை போட்டிருக்காங்கம்மா" என்றேன்.

சொன்னதைக் கேட்கிற பெண் அவள். "உன் நல்லதுக்குத்தானே சொல்றாங்க, கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று அவரை அதட்டினாள். பாட்டில் அவர் கண்ணில் படக்கூடாது என்று ஸ்ட்ரெச்சருக்கு அடியில் தள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் காலை நான் வேலைக்கு வந்தபோதும் அங்கேயேதான் இருந்தது, மூடிகூடத் திறக்காமல். அவர் அப்போது கேட்பதை நிறுத்தியிருந்தார். உதடு வெடித்திருந்தது. போர்வை ஓரத்து நூலை ஒவ்வொன்றாகப் பிரித்து, யாருக்கோ கடிதம் கொடுப்பதுபோலக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். 'அமைதியாக இருக்கிறார்' என்று குறிப்பில் எழுதினேன். பகல் ஒரு மணிக்குப் போய்விட்டார்.

உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் செயலிழந்ததாக ரிப்போர்ட் வந்தது. புதிதாக வந்த டாக்டரம்மா யார் இப்படி உத்தரவு போட்டது என்று கேஸ் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எதிலும் இல்லை. நடைபாதையில் நடந்துபோய் மீதிப் பத்து அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு சுவரைப் பார்த்தார்.

இந்தப் பெரியவருக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். நான் எண்ணவில்லை. வயதானவர்கள் இறந்தால் வயதென்றுதான் எழுதுவார்கள். யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லாமல் ஒரு கிழ உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் தெரியும். படித்திருக்கிறேன். தெரிந்தேதான் மாட்டினேன். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உடலை வாங்கிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்ன மாதிரியே ஒரு சொட்டுக்கூடக் குடுக்கல சிஸ்டர். எவ்வளவோ கெஞ்சினாரு, நான் மனசு இளகல" என்றாள். அந்த அட்டையை எந்த டாக்டரும் போடச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். தாங்கமாட்டாள். யாரையும் நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.