அண்ணனின் கோடு

என் அண்ணன் தும்மினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். ஒன்றோடு நிறுத்த மாட்டார். ஐந்தாறு தும்மிவிட்டுத் தானே சிரிப்பார். பேருந்து ஓட்டுநர். பயணிகளின் தும்மலையெல்லாம் ஏற்றிவந்து வீட்டில் இறக்குகிறார் என்று அண்ணி கிண்டல் செய்வார்.

நான் பதினொரு வருடமாக ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், ஐயா. காய்ச்சல் பரவிய அந்த மாதம், ஒளியால் வைரஸைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை யாரையும் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு எச்சில் விட வேண்டும். கீழிருந்து ஒளி பாயும். சில்லில் வைரஸ் ஒட்டியிருந்தால் ஒளி திரும்பும் கோணம் மாறி, திரையில் கோடு ஏறும். அவ்வளவுதான்.

என் மகளுக்கு ஆறு வயது. தாயில்லாப் பிள்ளை. போன வருடம் நுரையீரலில் சளி கட்டி, பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு காய்ச்சலைத் தாங்க மாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவளோ எந்நேரமும் பெரியப்பா தோளில்தான் கிடப்பாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் சோதித்தேன். மகளுக்குக் கோடு அசையவில்லை. அண்ணிக்கும் அசையவில்லை. அண்ணனுக்கு ஏறியது.

அவரைப் பின்னறையில் வைத்துப் பூட்டினேன்.

"டேய், வெறும் தூசிடா. ரெண்டு நாள் லீவு கிடைச்சுதுன்னு தூங்குறேன், போ" என்று உள்ளிருந்து சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் கூடத்தில் மகள் விழுந்து அழுதாள். அண்ணன் தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தார்.

"புள்ள அழுறாடா. ஒரு நிமிஷம் தூக்கிட்டு உள்ள போயிடுறேன்."

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவளிடம் போனார். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் கம்பி என் கையில் இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. "என்னடா" என்று மட்டும் கேட்டார். அடுத்தது தலையில். விழுந்த பிறகும் மூச்சு வந்துகொண்டிருந்தது. மூச்சில்தான் வைரஸ் பரவும். அது நிற்கும்வரை அடித்தேன்.

அண்ணி அடுக்களையிலிருந்து ஓடிவந்து அவர்மேல் விழுந்தார். "தம்பி, அவர விட்டுடுப்பா" என்றார். எனக்குப் பத்து வயதிலிருந்து சோறு போட்டவர். அவர் முகமெல்லாம் அண்ணனின் ரத்தம். அவரையும் தனியாக வைக்க வீட்டில் வேறு அறை இல்லை. ஒரே அடிதான், வலித்திருக்காது.

மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல மறந்துவிட்டேன். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

கை கழுவிவிட்டு என் எச்சிலைச் சோதித்தேன். கோடு ஏறியது. அண்ணனுடையதைவிட உயரம். பிறகுதான் யோசித்தேன். பெட்டியில் இருந்த புதுச் சில்லு இரண்டும் மகளுக்கும் அண்ணிக்கும் செலவாகிவிட்டன. இது ஆய்வகத்தில் ஒரு நோயாளிக்குப் போட்ட பழைய சில்லு. அதையே அண்ணனுக்கும் போட்டிருந்தேன். கரைசலில் நன்றாகக் கழுவி, என் எச்சிலை மறுபடி விட்டேன். கோடு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அண்ணனுக்கு ஏன் கழுவிப் பார்க்கவில்லை என்று கேட்கிறீர்கள். அவருக்குத்தான் முதல் தடவையே தெளிவாக ஏறியதே, ஐயா.