அவிழ்க்கச் சொன்ன அரசர்

தலையை ஆட்டாதீர்கள், மன்னரே, முடிச்சு நழுவுகிறது. வெளியே படை காத்திருக்கிறது. நெற்றியில் இந்த வெள்ளைப் பட்டையைப் பார்த்தால்தான் உங்களை அரசர் என்று நம்புவார்கள். உங்கள் அண்ணன் கிளியாந்தர் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், கை அதன் பாட்டுக்கு வேலை செய்யும்.

அவர் குதிரை வைத்தியம் பார்த்தபோதே எனக்குப் பழக்கம். ஒரு விருந்தில் தண்ணீர் கலக்காத மதுவை மூக்குமுட்டக் குடித்துவிட்டு, இந்தியாவிலிருந்து வந்த யானைமேல் ஏறினார். இறங்கத் தெரியவில்லை. யானை நேராக எதிரிகளான சகர்களின் பாசறைக்குள் ஓடியது, சகர்கள் ஓடிப்போனார்கள். நிறுத்தத் தெரியாததைப் படை வீரம் என்றது. விடிவதற்குள் அரசராக்கிவிட்டார்கள். பரம்பரை வழக்கப்படி பட்டை கட்ட நான் போனேன்.

“இறுக்கிக் கட்டுடா லைகோன். தல சுத்துற சுத்துல கழண்டு மது ஜாடிக்குள்ள விழுந்துரும்” என்றார். கட்டினேன்.

ஆனந்தமான நாட்கள். முதலில் ‘வெல்லப்படாதவர்’ என்று பட்டம் சூட்டிக்கொண்டார். அலுத்ததும் ‘கண்கண்ட தெய்வம்’. யானைக்குத் தளபதிப் பதவி கொடுத்தார். மற்ற தளபதிகள் வரிசையில் நின்று அதற்கு முலாம்பழம் ஊட்டினார்கள். பாக்திரா நகரமே வயிறு வலிக்கச் சிரித்தது.

பிறகு ஆக்சஸ் ஆற்றங்கரைப் போர். அதே யானை, அதே ஓட்டம். திசை மட்டும் மாறிவிட்டது. நம் படையில் பாதியை அதுவே மிதித்தது.

கூடாரத்துக்குச் சிரித்துக்கொண்டேதான் வந்தார். “போதும்டா சாமி. இத அவுத்து விடு. தம்பி பிலோன் ஆளட்டும். நான் பழையபடி குளம்பு பாக்கப் போறேன்.”

“உசிரோட இருக்கிற ராசாவுக்கு அவுக்கக் கூடாதுங்க. அது வழக்கம்.”

“உன் வழக்கத்த யானை மிதிக்க. இது கட்டளைடா.”

அரச கட்டளையை மீற முடியுமா? பரம்பரை வழக்கத்தைத்தான் மீற முடியுமா? நிதானமாக யோசித்தேன். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. பட்டையை நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறக்கினேன். இறுக்கிக் கட்டச் சொல்லி அவர்தானே பழக்கினார். மூச்சு அடங்கிய பிறகு, முறைப்படி அவிழ்த்தேன்.

காவலரைக் கூப்பிடாதீர்கள். எங்கள் குடும்பத்தார் கட்டாத பட்டையைப் படை ஏற்காது. என்னைத் தவிர எங்கள் குடும்பத்தில் வேறு வாரிசும் இல்லை.

இதோ, முடிச்சு விழுந்துவிட்டது. ஏன் உங்கள் கை கழுத்துக்குப் போகிறது? அதே பட்டைதான், ஆனால் நன்றாகத் துவைத்துவிட்டேன். பயப்படவும் வேண்டாம். அவிழ்க்கச் சொல்லாத எவரையும் நான் கொன்றதில்லை.